ஆய்வு மாணவருக்குச் சோறு போடுவது யார்?

மௌலானா ஆசாத் பெயரில் சிறுபான்மைச் சமூக மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த ஆராய்ச்சி உதவித்தொகை தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. 2022 டிசம்பர் 8 அன்று, அப்போதைய சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி, 2022-23ஆம் ஆண்டிலிருந்து இந்தத் திட்டம் நிறுத்தப்படுவதாக மக்களவையில் அறிவித்தார். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு மட்டும் அவர்களுடைய காலம் முடியும்வரை தொகை தொடரும். அதற்குப் பிறகு புதிதாக ஒருவரும் சேர்க்கப்படவில்லை. கடைசியாகச் சேர்ந்த மாணவர்கள் இப்போது ஐந்தாண்டுக் காலத்தின் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்லியில் நடந்த இந்த முடிவுக்கும் வடசென்னையில் இருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒருநாள் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, துறைமுகச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மகள் எம்.எஸ்.சி. வேதியியல் முடித்துவிட்டாள். எண்ணூர்ப் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி பிஎச்.டி. செய்ய வேண்டும் என்கிறாள். நெட் தேர்விலும் தேறிவிட்டாள். ஆனால் உதவித்தொகை பெறும் தரவரிசைக்குள் வரவில்லை. "படிக்க வேண்டாம்னு நான் சொல்லலை ஹஜ்ரத். அஞ்சு வருஷம் யார் பார்க்கிறது? அதைச் சொல்லுங்க" என்றார். கல்வியின் சிறப்பைப் பற்றி நான் எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். அவர் கேட்டது சிறப்பை அல்ல, கணக்கை. அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதப்படுகிறது.

நின்றுபோனவை இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மௌலானா ஆசாத் பெயரில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிறோம்.

ஒன்று, 2009-10இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை. எம்.ஃபில்., பிஎச்.டி. செய்யும் முஸ்லிம், கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, பார்சி, சமண மாணவர்களுக்கானது. சச்சார் குழு அறிக்கையைத் தொடர்ந்து வந்த நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை படிப்பவர்களில் 25 பேரில் ஒருவரும், முதுநிலை படிப்பவர்களில் 50 பேரில் ஒருவருமே முஸ்லிம் என்று அந்தக் குழு 2006இல் சொல்லியிருந்தது. அமைச்சர் மக்களவையில் தந்த கணக்கின்படியே, 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வு செய்யப்பட்டு, 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருக்கிறது.

மற்றொன்று, மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளை. மௌலானாவின் நூற்றாண்டை ஒட்டி 1989 ஜூலையில் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டது. பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மானியம் கொடுத்தது. பேகம் ஹஜ்ரத் மஹல் பெயரில் மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. 2024 பிப்ரவரி 7 அன்று அமைச்சகத்திலிருந்து வந்த ஓர் ஆணை, இதை மூடச் சொன்னது. 2023 நவம்பர் இறுதியில் அதன் கையில் 1,073.26 கோடி ரூபாய் இருந்தது. கொடுக்க வேண்டிய பொறுப்புகள் 403.55 கோடி போக, 669.71 கோடி மிச்சம். அந்த நிதியை அரசின் தொகுப்பு நிதிக்கு மாற்றும்படி ஆணை சொன்னது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 16 அன்று தள்ளுபடி செய்தது.

உதவித்தொகையை நிறுத்தியதற்கு அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் போன்றோருக்கான மற்ற உதவித்தொகைகளிலும் சிறுபான்மை மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆகவே ஒரே பலன் இரண்டு வழியில் போகிறது என்றது அரசு. தமிழக முஸ்லிம்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், அந்தக் கதவு நமக்கு முழுவதும் அடைக்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது. அப்படியிருக்க, இரட்டைச் செலவு என்பது எங்கிருந்து வந்தது? ஒரு கதவை அடைத்துவிட்டு, பக்கத்துக் கதவில் ஏற்கெனவே நிற்கும் வரிசையில் போய் நிற்கச் சொன்னதுதான் நடந்தது.

இதைக் கண்டித்து எழுதியவர்கள், போராடியவர்கள் உண்டு. அந்தக் குரல் தொடர வேண்டும். வரி கட்டும் குடிமக்களாக அது நம் உரிமை. ஆனால் போராட்டம் முடிவு தரும்வரை அந்தப் பெண் காத்திருக்க முடியாது. வயது நிற்காது, பெற்றோரின் பொறுமையும் நிற்காது.

நமக்குத் தெரிந்த வழி

நான் மதரஸாவில் ஓதி ஆலிம் பட்டம் பெற்றவன். பிறகு கலைப் பட்டப்படிப்பும் படித்தேன். மதரஸாவில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் கட்டணம் என்று ஒன்றைக் கட்டவில்லை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கிதாபுகள், நோய் வந்தால் மருந்து எல்லாம் சமுதாயத்தின் செலவு. யாரோ ஒருவர் அரிசி மூட்டை அனுப்பினார். யாரோ ஒருவர் தன் கடை வாடகையை எழுதி வைத்தார். அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கல்லூரிக்குப் போனபோதுதான் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதே எனக்கு உறைத்தது.

ஒரு மனிதன் பல ஆண்டுகள் வேறு வேலை பார்க்காமல் படிக்க வேண்டும் என்றால், அவனுடைய வயிற்றுப்பாட்டைச் சமுதாயம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடம் நமக்குப் புதிதல்ல. ஆலிமை உருவாக்க அந்தப் பாடத்தை இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். ஆய்வாளரை உருவாக்க மட்டும் மறந்துவிட்டோம்.

இதன் வேர் மார்க்கத்தில் இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை அப்படியே நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுகளுக்கும் போகாது. இன்றைய அறக்கட்டளைகள் மூலதன நிதி என்று சொல்வதும் இதைத்தான். இந்த அடித்தளத்தில்தான் பிற்காலத்தில் பெரும் கல்விக்கூடங்கள் எழுந்தன. 1067இல் பாக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியர்களும் மாணவர்களும் வக்ஃபு வருமானத்தில் வாழ்ந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091இல் அங்கே ஆசிரியராக நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான். இளம் அறிஞர் ஒருவரை நம்பி ஒரு வக்ஃபு செலவு செய்தது. அதன் பலனை உம்மத் இன்றுவரை அனுபவிக்கிறது.

மற்றவர்கள் செய்து காட்டியவை

இங்கிலாந்தில் லெவர்ஹியூம் அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த சன்லைட் சோப்பின் முதலாளி வில்லியம் லெவர் 1925இல் இறந்தபோது, தன் நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உயில் எழுதி வைத்தார். நூறாண்டு ஆகிவிட்டது. இன்று அந்தப் பங்குகளின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கும் மேல் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் போகிறது. அதில் நம் கவனத்துக்குரிய ஒரு திட்டம், பிஎச்.டி. முடித்தும் நிரந்தர வேலை கிடைக்காத இளம் ஆய்வாளர்களுக்கானது. மூன்று ஆண்டுகளுக்கு அவர்களுடைய சம்பளத்தில் பாதியை அறக்கட்டளை தருகிறது. மீதியை அவரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் தர வேண்டும். பட்டம் வாங்கியதற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் நல்ல ஆய்வாளர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் கைகொடுக்கிறது இந்தத் திட்டம். லெவரின் செல்வத்தில் காங்கோ நாட்டுப் பாமாயில் தோட்டங்களில் கட்டாய உழைப்பால் வந்த பங்கும் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிர்வாக முறையை மட்டும்.

நம் நாட்டிலேயே பார்சிகளைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் 57,264 பேர். நம் வடசென்னையின் சில வார்டுகளுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. ஜம்ஷெட்ஜி டாட்டா 1892இலேயே வெளிநாட்டில் உயர்கல்வி கற்கும் இந்தியர்களுக்கு நிதி ஏற்படுத்தினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் படிக்கப் போனது டாட்டா உதவித்தொகையில்தான். 1944இல் ஹோமி பாபா என்ற 34 வயது விஞ்ஞானி, ஆய்வு நிலையம் ஒன்று வேண்டும் என்று டொராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. இவை பார்சிகளுக்கு மட்டுமாக அமைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் பிறருடைய கதை என்று ஒதுங்கத் தேவையில்லை. ரூஹ் அஃப்ஸா தயாரிக்கும் ஹம்தர்த் நிறுவனத்தை ஹகீம் அப்துல் ஹமீது சாஹிப் 1948இல் வக்ஃபாக அறிவித்தார். நாடு பிரிந்து, முஸ்லிம்கள் அஞ்சி நடுங்கிய காலம் அது. லாபத்தைக் கல்விக்கும் மருத்துவ ஆய்வுக்கும் திருப்பினார். டெல்லியில் மருத்துவ வரலாற்றுக்கும் ஆய்வுக்கும் நிறுவனம் அமைத்தார். 1989இல் ஜாமிஆ ஹம்தர்த் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆசாத் அறக்கட்டளை பதிவானதும் அதே 1989இல்தான். அரசு நிதியில் நின்றது ஓர் ஆணையில் மூடப்பட்டது. சமுதாயத்தின் சொந்த உழைப்பில் நின்றது இன்றும் நிற்கிறது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது வெளிப்படை.

தமிழக முஸ்லிம்களும் கைகட்டி நிற்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல், சென்னை நியூ கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல், ஜஸ்டிஸ் பஷீர் அகமது சயீத் அவர்கள் முயற்சியில் மகளிர் கல்லூரி 1955இல், பி.எஸ். அப்துர் ரஹ்மான் ஹாஜியார் முயற்சியில் கிரசென்ட் 1984இல் என்று நம் முன்னோர் கட்டிக்கொண்டே வந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் தலைமுறையின் தேவை, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம். அதை அவர்கள் நிறைவேற்றினார்கள். நம் தலைமுறையின் தேவை, அந்த இடங்களில் நின்று பாடம் நடத்தவும் புதிதாகக் கண்டறியவும் ஆட்கள். நாமோ இன்னும் முதல் பட்டத்துக்குக் கட்டணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எண்ணூரை யார் ஆராய்வது?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் பகுதிக்கு இது கூடுதலாகவே பொருந்தும். 2017 ஜனவரி 28இல் காமராசர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் கடலோரத்தில் உர ஆலைக்கான அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடினார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் குழு வருகிறது, மாதிரி எடுக்கிறது, போகிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு இங்கேயே இருந்து, இந்தத் தெருக்களின் மூச்சுத்திணறலையும் குழாய்த் தண்ணீரையும் இறால் குறைவதையும் தொடர்ந்து கணக்கெடுக்கும் ஆய்வாளர் வேண்டும். சட்டமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் எடுபடுவது அழுகை அல்ல, அளவீடு. அந்த அளவீட்டைச் செய்ய இந்த மண்ணில் பிறந்த பிள்ளையைவிட அக்கறையுள்ளவர் யார்? பாதிப்பு முஸ்லிமுக்கும் மீனவருக்கும் ஒன்றுதான். காசிமேட்டு மீனவரின் மகனும் நம் மகளும் ஒரே ஆய்வகத்தில் நின்றால், பலன் எல்லோருக்கும்.

சுற்றுச்சூழல் மட்டுமல்ல. துறைமுகத் தொழிலாளர் வரலாறு, மண்ணடி வணிகக் குடும்பங்களின் ஆவணங்கள், அரபுத்தமிழ்ச் சுவடிகள், நம் பெண்களின் வேலைவாய்ப்பு என்று கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால் மற்றவர் எழுதுவார். பிறகு தவறாக எழுதிவிட்டார்கள் என்று கண்டன அறிக்கை விட்டுப் பயனில்லை.

கணக்கு இதுதான்

இப்போது அந்தத் தகப்பனார் கேட்ட கணக்குக்கு வருவோம். யு.ஜி.சி. 2023 முதல் நிர்ணயித்துள்ள தொகை, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகள் மாதம் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி நீங்கலாக, ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 24 லட்சம். ஒரு பிஎச்.டி.யின் விலை இதுதான். மண்டபம், பிரியாணி, சீர்வரிசை என்று நம் செல்வந்தர் வீட்டு நிக்காஹ் ஒன்றில் கரையும் தொகை இதற்குக் குறைவா என்று நீங்களே சொல்லுங்கள்.

செல்வந்தர் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. நூறு குடும்பங்கள் மாதம் 370 ரூபாய் போட்டால் 37,000 ஆகிவிடும். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டார ஜமாஅத்துகள் சேர்ந்து ஓர் ஆய்வாளரைப் பொறுப்பேற்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல. நிரந்தரமாக்க விரும்புவோர் ஒரு கடையின் அல்லது ஒரு வீட்டின் வாடகையை எழுதி வைக்கலாம்.

செய்யும்போது சிலவற்றில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஜகாத்தையும் இதையும் கலக்கக் கூடாது. ஜகாத்துக்கு உரியவர் யார் என்பதைக் குர்ஆன் வரையறுத்துவிட்டது. ஆய்வு மாணவர் வறியவராக இருந்தால், வறியவர் என்ற முறையில் அவர் கையில் ஜகாத் தரலாம். வசதியுள்ள வீட்டு மாணவருக்கோ, ஆய்வகக் கருவிக்கோ, அலுவலகச் செலவுக்கோ ஜகாத்திலிருந்து எடுக்கக் கூடாது. அதற்கு உரியது ஸதகாவும் வக்ஃபும். மூலநிதியை வட்டிக்கு விடாமல் வாடகையிலோ ஆகுமான பங்குகளிலோ வைக்க வேண்டும்.

இரண்டாவது, சட்ட வடிவம். 2025 வக்ஃபு திருத்தச் சட்டம், முஸ்லிம்கள் பொது அறக்கட்டளைச் சட்டங்களின்கீழ் ஏற்படுத்தும் டிரஸ்ட்டுகளுக்கு வக்ஃபுச் சட்டம் பொருந்தாது என்கிறது. எந்த வடிவம் பாதுகாப்பானது என்பதை நல்ல வழக்கறிஞரிடமும் ஆடிட்டரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். கணக்கை ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

மூன்றாவது, தேர்வு. யாருக்குக் கொடுப்பது என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. என்னைப் போன்ற ஆலிம்களும் முடிவு செய்யக் கூடாது. துறை அறிந்த பேராசிரியர்கள் தேர்வு செய்யட்டும். இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சு நுழைந்த நாளில் அந்த நிதி செத்துவிடும். ஆய்வு முடிவு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் தொகையை நிறுத்தக் கூடாது.

நான்காவது, பட்டத்தோடு கைவிட்டுவிடக் கூடாது. பிஎச்.டி. முடித்தவர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். லெவர்ஹியூம் முறையில் பாதிச் சம்பளம் நிதியிலிருந்தும் பாதி நம் கல்லூரிகளிலிருந்தும் என்று மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடலாம். கல்லூரிக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பார், ஆய்வும் நிற்காது.

ஐந்தாவது, பெண்பிள்ளைகள். நம் பகுதியில் முதுநிலை வரை வருபவர்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். திருமணத்தோடு அவர்களுடைய ஆய்வு நின்றுவிடாதபடி, பிரசவ காலத்தில் இடைவெளி தந்து தொகையைப் பாதுகாக்கும் விதி ஆரம்பத்திலேயே இருக்கட்டும்.

அரசின் வாசலையும் விட்டுவிடத் தேவையில்லை. நெட் தேர்வை மறுபடி எழுதி ஜே.ஆர்.எஃப். பெறலாம். பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகை, தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகை ஆகியவற்றின் அறிவிப்பு வரும்போது பள்ளிவாசலில் அறிவிக்க வேண்டும். பிறை அறிவிப்பு எத்தனை வேகமாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிறதோ, அதே வேகத்தில் இதுவும் போகட்டும்.

மனிதன் மரணித்த பின்னும் நின்றுவிடாத அமல்களில் நிலையான தர்மத்தையும், பிறர் பயன்பெறும் கல்வியையும், துஆச் செய்யும் நல்ல பிள்ளையையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். ஓர் ஆய்வாளருக்குத் துணை நிற்பவருக்கு முதல் இரண்டும் ஒரே செலவில் கிடைக்கலாம்.

அந்தத் தகப்பனாரிடம் நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் இந்த 24 லட்சம் கணக்கை அப்படியே வைக்கப் போகிறேன். உங்கள் மஹல்லாவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு விசாரித்துப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் எண்ணத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.